யூசு ஒட்டுக்கன்றின் இலைகள் மஞ்சளாகின்றன, உடனடி உதவி தேவை

பனந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
அனைவருக்கும் வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் வைத்த யூசு (எலுமிச்சை இனப் பழமரம்) கன்றின் இலைகள் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. வேண்டிய உரமெல்லாம் கொடுத்தாகிவிட்டது, பயனில்லை. எந்த மருந்தைத் தெளிப்பது என்று தெரிந்தவர்கள் விரைவாகக் கூறுங்கள். ஆசையாக வாங்கிய கன்று, பட்டுவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

ஊத்தங்கரையான்:
தொட்டியிலா, தரையிலா? மஞ்சளாவது அடியிலைகளா, நுனித்தளிரா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இவற்றைச் சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்டால் யாரால் கூற முடியும்?

பென்னாகரத்தார்:
யூசு சீனத்தில் தோன்றி ஜப்பானில் பெயர்பெற்ற குளிர்நாட்டு மரம். உறைபனியைத் தாங்குவது நம் சித்திரை வெயிலைத் தாங்காது. நிழல்வலை கட்டுங்கள், சரியாகிவிடும்.

பழுத்தகை:
இதே கேள்வி மாதந்தவறாமல் வருகிறது; முன்பு எழுதியதைப் படிக்கும் பொறுமை ஒருவருக்கும் இல்லை. எலுமிச்சை இனத்தில் இலை மஞ்சளானால் அது கிரீனிங் நோய்தான். சாறுண்ணும் சிறு பூச்சியான சில்லிட் பரப்பும் பாக்டீரியா நோய் அது, மருந்து கிடையாது. கன்றைப் பிடுங்கி எரித்துவிட்டு, பேசாமல் ஒரு நாரத்தையை நடுங்கள்.

ஊத்தங்கரையான்:
பார்க்காத கன்றுக்கு இவ்வளவு உறுதியாகக் கொள்ளி வைக்க வேண்டுமா, ஐயா? கிரீனிங்கில் நடு நரம்பின் இருபுறமும் ஒத்துப்போகாத திட்டுகளாக மஞ்சள் படரும். வெயில் தாக்கினால் விளிம்பு கருகும். கேட்டவர் வந்து இலையைப் பற்றிச் சொல்லட்டும்.

பனந்தோப்பு:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். தரையில்தான் வைத்திருக்கிறேன். மேலே செம்மண், ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக்கல். போர் தண்ணீர்தான், குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படியும். நுனித்தளிர்கள் எலுமிச்சை நிறத்திற்கு வெளுத்திருக்கின்றன, நரம்புகள் மட்டும் வலை விரித்தாற்போலப் பச்சையாகத் தெரிகின்றன. அடியிலைகள் நன்றாகவே உள்ளன. ஒட்டுக்குக் கீழே, வில்வத்தைப் போல மூன்று மூன்று இலைகளுடன் நீண்ட முட்கள் கொண்ட ஒரு கிளை வந்திருக்கிறது. அதுவும் வெளுத்திருக்கிறது. இது தேவைப்படுமா என்று தெரியவில்லை.

ஊத்தங்கரையான்:
தேவையான செய்தியே அதுதான். அந்தக் கிளை, உங்கள் யூசுவுக்கு வேராக அடியில் இருக்கும் மூவிலை ஆரஞ்சு என்னும் வேர்ச்செடியிலிருந்து வந்தது. குளிர்நாடுகளில் விரும்பி ஒட்டுக்கட்டும் அந்த வேர்ச்செடி, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்கத் திணறும். இரும்பு செடிக்குள் இடம்பெயராததால், பழைய இலை பச்சையாக இருக்க, புதுத்தளிர் வெளுக்கிறது. அந்தக் கிளையைப் பிறந்த இடத்தோடு நீக்கிவிடுங்கள். அன்னபேதியை (இரும்பு சல்பேட்டு) லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து, தளிர்க்கும் பருவத்தில் மாலை வேளையில் தெளியுங்கள்.

அரூர் மாடித்தோட்டம்:
அன்னபேதியைத் தெளிப்பதைவிட வேரில் போடுவதே எளிது. நான் கறிவேப்பிலைக்கு அப்படித்தான் செய்கிறேன்.

ஊத்தங்கரையான்:
சுக்கான்கல் நிலத்தில் வேரில் போட்டால், செடி எடுப்பதற்குள் பெரும்பகுதி துருவாக மாறிவிடும். மண்ணில் இடுவதாயின் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை இரும்பு கீலேட்டு, அதாவது இரும்பைப் பற்றிக்கொண்டு கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் சேர்மம் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை, மண்ணின் கார அமில நிலை (pH) 6.5-ஐத் தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும்.

பென்னாகரத்தார்:
எல்லாவற்றுக்கும் மூலம் நம் மாவட்டங்களின் புளோரைடு நீர். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது! ஒகேனக்கல் நீரை ஊற்றிப் பாருங்கள்.

ஊத்தங்கரையான்:
புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது உண்மை. இங்கே தளிரை வெளுக்க வைப்பது நீரிலுள்ள பைகார்பனேட்டு என்னும் உப்பு. ஊர் குடிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றச் சொல்வதும் நியாயமில்லை. கூரையில் விழும் மழைநீரைப் பிடித்தாலே ஒரு கன்றுக்குப் பெரும் உதவி.

பழுத்தகை:
நான் கூறியது பொதுவான எச்சரிக்கை. எப்படியும் நாரத்தை இந்தத் தொல்லை எதையும் தராது.

அரூர் மாடித்தோட்டம்:
நாரத்தையும் எலுமிச்சை இனம்தானே, ஐயா? சுண்ணாம்பு அதை மட்டும் விட்டுவிடுமா? வேர்ச்செடியைப் பற்றிப் பேசும்போது பழத்தை மாற்றச் சொல்கிறீர்கள். சுண்ணாம்பைத் தாங்கும் ரங்க்பூர் லைம் என்னும் எலுமிச்சை இன வேர்ச்செடியில் ஒட்டிய யூசு கிடைத்தால் வாங்கலாம் என்பதே சரியான பதில்.

பனந்தோப்பு:
முள் கிளையை நீக்கிவிட்டேன். அன்னபேதி தெளித்தபின் வந்த தளிர் பச்சையாக இருக்கிறது, பழைய மஞ்சள் இலைகள் இன்னும் முழுதாக மாறவில்லை. நன்றி.

ஓசூர் புதியவர்:
என் கும்குவாட்டுக்கும் (குட்டி ஆரஞ்சு போன்ற பழச்செடி) இதே நிலைதான், உடனே உதவுங்கள்.

ஊத்தங்கரையான்:
தொட்டியிலா, தரையிலா?