கேரார்ட் 301: காரைக்குடியிலிருந்து சர்வீஸுக்கு அனுப்ப யோசனை தேவை

வணக்கம். பள்ளத்தூர் வீடு ஒன்றில் இருக்கும் சாம்பல் நிற கேரார்ட் 301 டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி), தட்டுத் தண்டின் பேரிங்குக்கு கிரீஸ் போடும் மாடல். 33-இல் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) வேகம் மெதுவாகத்தான் ஏறுகிறது, வேகத் திருகை கடைசி வரை திருப்பியும் வேகம் சரியானால் அசையாமல் தெரிய வேண்டிய ஸ்ட்ரோப் புள்ளிகள் நிற்பதில்லை. அடியில் ஓயாத உறுமல். பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும், மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பரும் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாகிவிட்டது. சுவிட்சை அணைத்தால் ஸ்பீக்கரில் 'டப்' சத்தம். அது சுவிட்சின் தீப்பொறியை அடக்கும் சப்ரஸர் கெப்பாசிட்டர் கெட்டதால், சின்ன வேலை.

சென்னையிலோ திருச்சியிலோ பேரிங்கைக் கழற்றித் துடைத்து, கிரீஸே போட்டுத் தருபவர் யார்? "எண்ணெய் விட்டால் போதும்" என்பவர் வேண்டாம். இந்த மாடலில் அது ஒழுகிப்போகும், தேய்மானம்தான் மிஞ்சும். ஐட்லருக்குப் புது ரப்பர் வார்த்துக் கடைந்து தருவார்களா, சக்கரத்தையே மாற்றுவதுதான் சரியா?

கூரியரை நம்ப மனமில்லை. தட்டு கூம்புத் தண்டில் கவ்வியிருப்பதால் இரண்டு கையாலும் சுழற்றி மேலே தூக்க வேண்டும், சுத்தியல் கூடாது. தட்டு தனிப்பெட்டி, ஐட்லர் தனி உறை. ஸ்பிரிங்கில் தொங்கும் மோட்டார் ஆடாமல் சுற்றிலும் ஃபோம். ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் வீட்டிலேயே இருக்கட்டும். பல்லவன் ரயிலில் யாராவது கையோடு கொண்டுபோக முடியுமா? பயணச் செலவு எங்களுடையது.

கழற்றும் பழைய பாகங்கள் எல்லாம் திரும்பி வரவேண்டும். பெயின்ட் அடிப்பது, பாலிஷ் போடுவது எதுவும் வேண்டாம். தோராயமாக எவ்வளவு ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.