ஜூனில் ப்ரீகேஜி: ஒற்றைப் பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு பழக்குவது எப்படி?

தென்றல்:
மூன்று வயது ஆகப்போகும் பையன், வீட்டில் ஒரே பிள்ளை. எழுத்து, நிறம், எண் எல்லாம் சொல்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தால் மட்டும் பொம்மையைப் பிடுங்குகிறான், இல்லையென்றால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறான். சேர்க்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. என்ன பழக்கலாம்?

பால்வாடி டீச்சர்:
முதுகைக் காட்டினாலும் பக்கத்திலேயே இருந்து விளையாடுகிறான் என்றால் அது குறையே இல்லை. பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இந்த வரிசையை எழுதிவிட்டார்: தனியாக, வேடிக்கை பார்த்து, பக்கத்தில் பக்கத்தில், பிறகு கலந்து, கடைசியில்தான் கூட்டாக. நேரே கடைசிப் படிக்குத் தள்ளினால் அழுகைதான் மிச்சம்.

ஒரே ஒரு பிள்ளையை, வாரம் இரண்டு முறை கூப்பிடுங்கள். ஆளை மாற்றினால் பழக்கம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். அரை மணி போதும். நன்றாக விளையாடும்போதே முடித்துவிடுங்கள். அவன் உயிராக வைத்திருக்கும் பொம்மையை முன்னாடியே அலமாரியில் வைத்துவிட்டு, சொப்பு, வாளி, கரண்டி என்று எதையும் இரண்டிரண்டாகப் போடுங்கள். "பங்கு போட்டு விளையாடு" இந்த வயதுக்கு ஏறாது. "இப்போ அவன், அப்புறம் நீ" ஏறும். பந்து உருட்டுவதில் தொடங்கலாம். அடி, கடி என்றால் உடனே தடுங்கள். வெறும் இழுபறி என்றால் பத்து எண்ணிவிட்டுக் கிட்டே போங்கள், பாதி நேரம் தானாகவே தீரும்.

கொன்றை:
அதற்கும் முன்னால் பிரிவைப் பழக்குங்கள். அம்மா திரும்பி வருவாள் என்று நம்புகிற பிள்ளைதான் அடுத்த பிள்ளையிடம் நகரும். நம்பாதது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் முதலில் பத்து நிமிடம், ஒரு வாரம் போனதும் அரை மணி, பிறகு ஒரு மணி. சொல்லாமல் நழுவினால் அன்றைக்கு அழமாட்டான், மறுநாள் முந்தானையை விடமாட்டான். "பத்து மணிக்கு வரேன்" வேண்டாம், கடிகாரம் தெரியாது. "சாப்பிட்டு முடிச்சதும் வரேன்" என்று சொல்லி, அப்படியே வந்து நில்லுங்கள். "மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்ற மிரட்டலையும் வீட்டில் நிறுத்துங்கள். நம்பவேண்டிய ஆளைச் சேருமுன்பே பூச்சாண்டி ஆக்குவானேன்?

முந்திரிக்கொட்டை:
எழுத்து தெரிவதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். முதல் மாதம் வேண்டியது முறை வரும்வரை நிற்பது, டிபன் பாக்ஸ் திறப்பது, "ஒண்ணுக்கு வருது" என்று வேற்றாளிடம் சொல்வது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உட்காரவைத்து டப்பாவில் சாப்பிடப் பழக்குங்கள். மூடி இறுக்கமானது வேண்டாம். ஓடிக்கொண்டே இருந்து "சிலை" என்றதும் நிற்கும் ஆட்டம் உடம்பை அடக்கக் கற்றுத்தரும். மியூசிக்கல் சேர் இப்போது கூடாது. பழக்கம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான் அதில் முதலில் அவுட் ஆகி ஓரமாக உட்காரும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தால் மட்டும் மூன்று மாதம் பொறுத்திருக்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தென்றல்:
ஒரே பொம்மைக்கு இரண்டு பேரும் நின்றால் எடுத்து ஒளித்துவிடலாமா?

பால்வாடி டீச்சர்:
ஒளித்தால் இரண்டு பேரும் தோற்றது போல ஆகும். யார் கையில் முதலில் இருந்ததோ அவனிடமே கொடுங்கள். மற்றவனுக்கு, "அவன் அஞ்சு தடவை ஓட்டட்டும், எண்ணுவோம் வா" என்று சொல்லி எண்ணுங்கள். ஐந்து முடிந்ததும் கட்டாயம் கை மாறவேண்டும்.