நாலு லெஜண்டரி கார்ட ஒடச்சு ஒண்ணு செஞ்ச கதை, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

ஈரோடு

வணக்கமுங்க. பெருந்துறை தாண்டி ஒரு ஊரு நமக்கு. 2017-ல பீளமேட்டுல ஹாஸ்டல்ல இருந்தப்ப ரூம்மேட் ஒருத்தன் ஹார்த்ஸ்டோன்னு ஒரு ஆன்லைன் கார்டு கேம் காட்டிவிட்டான், அதுல இருந்து விடலை. கலெக்‌ஷன் எவ்வளவு இருந்தா டோர்னமெண்ட் ஆடலாம்னு புதுசா வர்ற பசங்க கேக்கறாங்க. எனக்கு நடந்தத அப்படியே சொல்றேன்.

2018-ல ஜகார்த்தா ஆசிய வெளையாட்டுல ஹார்த்ஸ்டோன டெமோ போட்டியா வெச்சிருந்தாங்க, நம்ம நாட்டுல இருந்து தீர்த் மேத்தா போயி வெண்கலம் அடிச்சாருங்க. பதக்கப் பட்டியல்ல அது சேராதுதான், ஆனா அன்னிக்கு ஹாஸ்டல்ல நாங்க ஒட்டுக்கா உக்காந்து கத்துன கத்து இன்னும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்பறம்தான் சும்மா ரேங்க் லேடர் ஏறறத விட்டுட்டு போட்டியில ஆடோணும்னு வெறி வந்துச்சு.

ஆனா போட்டின்னு எறங்குனா கணக்கே வேறயா இருக்குதுங்க. லேடர்ல ஒரே ஒரு நல்ல டெக், அதாவது சீட்டுக்கட்டு, இருந்தா போதும், ராப்பகலா அதையே ஆடி ஏறிக்கலாம். கான்க்வெஸ்ட் முறையில நாலு டெக் கொண்டு போகோணும், நாலும் வேற வேற கிளாஸா, அதாவது வேற வேற ஹீரோவோடதா இருக்கோணும், அதுல ஒண்ண எதிராளி தடை பண்ணிடுவான், மிச்சம் மூணுலயும் ஒவ்வொரு தடவை செயிச்சாத்தான் மேட்ச் நம்மளுது. 2020 லாக்டவுன்ல டிஸ்கார்டுல ஒரு சின்ன போட்டி வெச்சாங்க, எங்கிட்ட உருப்படியா ரெண்டு டெக்தான் இருந்துச்சு, இன்னும் ரெண்டுக்கு மூணு லெஜண்டரி, அதாவது இருக்கறதுலயே அபூர்வமான கார்டு, கொறையுது.

ஒரு லெஜண்டரி செய்ய 1600 டஸ்ட், கார்ட ஒடச்சா கெடைக்கற பொடி அது. இருக்கறத ஒடச்சா 400 தான் வரும். அப்ப மூணு செய்ய 4800, அதுக்கு பன்னண்டு பழைய லெஜண்டரிய ஒடைக்கோணும். கன்னபுரம் சந்தைக்கு நாலு மாட்ட ஓட்டிட்டுப் போயி ஒத்த மாட்டப் புடிச்சுட்டு வர்ற மாதிரி. புது செட்டு மட்டும் ஆடற ஸ்டாண்டர்ட விட்டுப் போன செட்டுதானே, பழசும் சேர்ற வைல்டு நாம ஆடப்போறதில்லைன்னு ஒரே ராத்திரியில பன்னண்டையும் ஒடச்சுட்டேன். மூணு வருசமா தெனமும் கேம் குடுக்கற குவெஸ்ட முடிச்சு, 100 கோல்டு சேத்து சேத்து கார்டு பேக் வாங்கிப் பிரிச்சு வந்த கார்டுங்க அது. கை நடுங்குச்சுங்க, பொய் சொல்லல.

ரெண்டு வாரம்தான் ஆகியிருக்கும், பேலன்ஸ் மாத்தம் வந்துச்சு. நான் ஒடச்ச பன்னண்டுல ஒண்ணு அந்த லிஸ்டுல. நெர்ஃப் பண்ண, அதாவது பலத்தக் கொறச்ச கார்ட கொஞ்ச நாளைக்கு முழு வெலைக்கே திருப்பி எடுத்துக்குவாங்க, அதாவது அதே கார்டுக்கு 1600. கைய வெச்சுட்டு சும்மா இருந்திருந்தா அந்த ஒத்தக் கார்டுலயே ஒரு லெஜண்டரி வந்திருக்கும். அவசரம் என்னோடதுதான். அதனால தம்பிகளா, பேலன்ஸ் மாத்தம் வர்ற மாதிரி பேச்சு அடிபடறப்ப ஒரு காமன் கார்டக்கூட ஒடைக்காதீங்க.

சரி, போட்டிக்கு வர்றேன். ரெண்டாவது ரவுண்டு. என்னோட பழகுன டெக்குல ஒண்ண எதிராளி தடை பண்ணிட்டான். மிச்சத்துல பழகுனது ஒண்ணு, புதுசு ரெண்டு. மொத ரெண்டு கேமும் நம்ம கையில, 2-0. ஆனா செயிச்ச டெக் ஒதுங்கிக்கும், இனி அந்த மூணாவதுலதான் ஆடியாகோணும், அது மூணே நாள் முன்னாடி கட்டுன டெக். ஒரு டர்னுக்கு 75 செகண்டு, நேரம் முடியப்போகுதுன்னு காட்டற கயிறு எரிய ஆரம்பிச்சா எந்த கார்ட மொதல்ல போடறதுன்னு மண்டை ஓடலைங்க, வரிசை தப்பித் தப்பிப் போட்டேன். 2-1, 2-2, 2-3. ஒரே டெக், தொடர்ந்து மூணு தோல்வி. பன்னண்டு கார்டு குடுத்து வாங்குனது அந்த மூணும்தான்.

எங்கப்பா மஞ்சள் ஏவாரம். 2023-ல ஆன்லைன் ரம்மிக்கு இங்க தடை வந்தப்ப பேப்பரோட வந்து, "ஏண்டா கண்ணு, நீ ஆடறதும் சீட்டுத்தானா"ன்னு கேட்டார். இல்லீங்கப்பா, இதுல காசு கட்டி ஆடறதில்லைன்னு ஒரு மணி நேரம் வெளக்குனேன். எல்லாம் கேட்டுட்டு, "அந்தக் கார்ட வித்தா எவ்வளவு வரும்?"னார். விக்க முடியாதுங்கப்பான்னேன். "அப்பறம் அது சரக்கே இல்லியே"ன்னுட்டு போயிட்டார். வெல ஏறட்டும்னு மூட்டைய வருசக்கணக்கா வெச்சிருந்து பாத்த மனுசன், அவருக்கு அப்படித்தான் படும். ஆனா எனக்கு என்னமோ அதுவும் சரக்குதானுங்க, ஆடறப்ப மட்டும் வெல இருக்கற சரக்கு.

திருப்பூர்

தம்பி, படிச்சுட்டு மனசு கஷ்டமாப் போச்சு. நான் பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறேன். விக்க முடியாதுன்னு அப்பாகிட்ட சொன்னது சரி, ஆனா விக்கறவனும் இருக்கறான், நான் வாங்குனேன். வேற ஒரு கார்டு கேம்ல நெறஞ்ச அக்கவுண்டு ஒண்ண தீவாளி போனஸ்ல 6500 ரூவா குடுத்து எடுத்தேன். இருவது நாள் ராசா மாதிரி ஆடுனேன், ஒரு நாள் காலையில பாஸ்வேர்டு தப்புன்னு வருது. வித்தவன் பழைய மெயில வெச்சு திருப்பி எடுத்துட்டான். புகார் சொல்லவும் வழி இல்ல, அக்கவுண்டு கை மாறறதே விதிப்படி தப்பு. நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான் எழுதறேன்.

இப்ப போக்கிமான் பாக்கெட்னு போன்ல ஆடற கார்டு கேம் ஆடறேன். 12 மணி நேரத்துக்கு ஒரு பேக் சும்மா வருது, ஷிப்டுக்குப் போறப்ப ஒண்ணு வந்து ஒண்ணுன்னு செட் ஆயிடுச்சு. அதுல தங்கக் கலர்ல மியூடூ இஎக்ஸ் ஒண்ணு இருக்குது, கிரௌன்னு சொல்ற ரொம்ப அபூர்வமான கார்டு. பேக்ல விழுகலைன்னா பேக் பாயிண்டுல எடுக்கோணும், 2500 பாயிண்டு, ஒரு பேக்குக்கு அஞ்சுதான். 500 பேக். தெனம் ரெண்டுன்னா 250 நாள். எனக்கு அது பேக்லயே விழுந்துச்சு தம்பி! ரோட்டோரம் வண்டிய நிறுத்திட்டு அஞ்சு நிமிசம் பாத்துட்டே நின்னேன். ஆனா ஆட்டத்துல சாதா மியூடூ இஎக்ஸுக்கும் அதுக்கும் ஒரு நூலு வித்தியாசம் இல்ல, ரெண்டுக்கும் உசுரு 150 எச்பி, அதே அடி. கம்பெனிப் பசங்களோட ஒரு ஞாயித்துக்கெழம போட்டி வெச்சப்ப, எதிர்ல இருந்த பையன் மிஸ்டிங்கற கார்டப் போட்டான், காசு சுண்டி எத்தன தலை விழுகுதோ அத்தன எனர்ஜி அவனுக்கு, சுண்டிச் சுண்டி நாலு தலை வரிசையா விழுந்துச்சு, ரெண்டாவது டர்னுலயே என் தங்கம் காலி. இஎக்ஸ் போனா அவனுக்கு ரெண்டு பாயிண்டு, மூணு எடுத்தா ஆட்டம் முடிஞ்சுது. இருந்தாலும் அந்தக் கார்ட எடுத்துப் பாக்காம நான் தூங்கறதில்ல, அதையும் சொல்லிடறேன்.

கோவை, சரவணம்பட்டி

அண்ணா, நான் வேற மாதிரி பட்டேன். விக்க முடிஞ்சா மதிப்பு நிக்கும்னு நெனைக்கறீங்கல்ல, ஆர்டிஃபேக்ட்னு ஒரு கார்டு கேம்ல விக்கவும் முடிஞ்சுது. 2018 நவம்பர்ல வந்துச்சு, 20 டாலர், ஸ்டீம்ங்கற கேம் கடையோட மார்க்கெட்லயே கார்டு வாங்கலாம் விக்கலாம். ஆக்ஸ்னு ஒரு ஹீரோ கார்டு, மொத நாள்கள்ல கேம் வெலைக்கே வித்துச்சு. மொதல் சம்பளத்துல எடுத்தேன், போட்டிக்கு அது இல்லாம முடியாதுன்னாங்க. வெளிவந்தப்ப ஒரே நேரத்துல 60,000 பேருக்கு மேல ஆடுனாங்க, சில மாசத்துல நூத்துக்கணக்குல வந்து நின்னுச்சு. ஆள் போகப் போக கார்டு வெலையும் போச்சு. 2021 மார்ச்ல கேமையே இலவசம் பண்ணி கார்டும் எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. எனக்கு காசு போனதவிட, பொழுதோட ஆபீஸ் விட்டு வந்து உக்காந்தா எதிர்ல ஆட ஆளே வரமாட்டாங்க பாருங்க, அதுதான் தாங்கல. சந்தையில ஆள் இருந்தாத்தானே வெல.

ஈரோடு

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. சரவணம்பட்டி அக்கா சொன்ன அந்த எதிர்ல ஆள் இல்லாத வெறுமை, அத நான் நெனச்சே பாக்கல.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். கோல்டன் லெஜண்டரி, அதாவது தங்க வடிவத்துல வர்ற கார்டு ஒண்ணு எங்கிட்ட இன்னும் இருக்குது, அத ஒடச்சா மட்டும் 1600 வரும், அன்னிக்கு அதையும் ஒடைக்கலாம்னு கை போச்சு, மனசு வரல. அது இப்ப எந்த டெக்குலயும் சேராது, இருக்கட்டும்.

அடுத்த மாசம் திரும்பவும் நாலு டெக் போட்டிக்கு பேர் குடுத்திருக்கேன். இந்தத் தடவை புது கார்டு ஒண்ணும் செய்யல, இருக்கற நாலையும் கண்ண மூடிட்டு ஆடற அளவுக்குப் பழகோணும். ஹார்த்ஸ்டோன் ஆடறவங்க யாராவது சனிக்கெழம பொழுதோட 8 மணிக்கு மேல வர்றீங்களா? கான்க்வெஸ்ட் முறையிலயே ஆடலாம், நீங்க எந்த டெக்க தடை பண்ணாலும் சரி.