தலைப்பு தெரியாத ஒரு பழைய நகைச்சுவைத் தொடர்கதை, யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் மக்களே. அப்பாவுக்காக ஒரு நாவலைத் தேடுகிறேன். வார இதழில் தொடராக வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அந்தக் காலத்து வழக்கப்படி பைண்டு பண்ணி வைத்திருந்தார். முதல் பக்கம் எப்போதோ போய்விட்டது. அதோடு தலைப்பும் எழுதியவர் பெயரும் போயின. போன மாதம் மதுரை செல்லூரிலிருந்து வீடு மாறியபோது, பழைய பேப்பர் கட்டோடு அந்தப் புத்தகமே போய்விட்டது.

கதை நன்றாக நினைவிருக்கிறது. தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் ஒருவர் ரிடையர் ஆன மறுநாளே வீட்டில் வருகைப் பதிவேடு போடுகிறார். மகன்கள், மருமகள்கள், விதவை அக்கா, கொழுந்தியாள் குடும்பம் என்று ஒரே வீட்டில் 17 பேர். சித்திரைத் திருவிழாவுக்குச் சம்பந்தி வீட்டாரும் வந்து இறங்க, இருக்கிற ஒரு குளியலறைக்கு டோக்கன் கொடுக்கிறார். சம்பந்தி தோளில் துண்டும் கையில் 14ஆம் நம்பருமாக நிற்கிறார். அதற்குள் அழகர் ஆற்றில் இறங்கிவிடுகிறார்! அந்த இடம் வந்தால் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

இப்போது அவருக்குப் பார்வை மங்கல். நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய புத்தகக் கடைகளில் கேட்டுவிட்டேன். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைத் தேடிப் பழகியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், புத்தகமே வேண்டாம், நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவேன்.