புதுப்பிப்பு: அல்பாகாத் தொப்பி யார் பின்னியது, எப்படித் துவைப்பது

பெரு நாட்டில், ஒட்டக இனத்தைச் சேர்ந்த அல்பாகா என்னும் விலங்கின் மயிரால் கையால் பின்னப்பட்ட காதுமூடித் தொப்பியைப் பற்றி நான் முன்பு எழுதிய பதிவில், அதன் வேலைப்பாடு யாருடைய கைவண்ணம் என்றும் அதை எப்படித் துவைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே சுல்யோ எனப்படும் இவ்வகைத் தொப்பியை, தித்திகாக்கா ஏரியிலுள்ள தக்கீலே தீவில் ஆண்களே பின்னுகிறார்கள். சிறு வயதிலேயே பழகிவிடும் அவர்கள், நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் இறுக்கத்தைச் சீராக வைத்துக்கொண்டு, மெல்லிய ஊசிகளால் நடந்தபடியேகூடப் பின்னுவதுண்டு. மணமானவர் சிவப்புத் தொப்பியும், மணமாகாதவர் சிவப்பும் வெள்ளையும் கலந்த தொப்பியும் அணிவது வழக்கம். தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. இவ்வளவு பெயர் பெற்ற ஊசிப்பின்னல் ஸ்பானியர் வழியாக வந்ததுதான். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் அதைவிட மிகப் பழைமையானது தறி நெசவே.

துவைப்பது எளிது, உலர்த்துவதில்தான் கவனம் தேவை. அல்பாகா மயிருக்குச் செம்மறிக் கம்பளியைவிட மீள்தன்மை குறைவு என்பதால், ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் காதுமடல்கள் நீண்டு தொய்ந்துவிடும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பால் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துங்கள்.