மறு: அரசாள விரும்பாத வாரிசு – ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. கேட்டது என்னவோ சின்னக் கேள்விதான். ஃபேண்டஸிக் கதைகளில் அடிக்கடி ஒருவர் வருவார். பிறப்பால் அரியணைக்கு உரியவர், ஆனால் அது வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பார். அவருக்குத் தமிழில் என்ன பெயர்? ஆனால் பாதி மடல்கள், அப்படி ஒதுங்கியவரைக் கடைசியில் அரசராக்குவது சரியா என்ற வாதத்துக்குத் தாவிவிட்டன. தலைப்பை விட்டு விலகுகிறோம் என்று ஒருவர் கடிந்தும் கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர் ஏன் ஒதுங்குகிறார், ஏறினால் என்ன ஆகும் என்பது தெளியாமல் பெயர் வைத்தால், அந்தப் பெயரே கதையின் முடிவைச் சொல்லிவிடும்.

> "தயங்கும் வாரிசு" போதுமே. எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

இதில்தான் அந்தச் சிக்கல். தயக்கம் என்றாலே கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் ஒன்று. தயங்குகிறார் என்று சொன்னதுமே, கடைசியில் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். உண்மையாகவே மறுத்துவிட்டுப் போகிறவருக்கு இந்தப் பெயரில் இடமே இல்லை. (வாரிசு வேற்றுமொழிச் சொல் என்ற எதிர்ப்பு எனக்கு இல்லை. பேச்சில் ஊறிப்போன சொல், இருந்துவிட்டுப் போகட்டும்.)

> முடிமறுப்பி, முடிவிலகி, முடிதயங்கி – மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் இரண்டையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். தலைமுடி கொட்டுவதற்கு விற்கும் எண்ணெயின் பெயர் மாதிரி இருக்கிறது. மூன்றாவதில் வேறு வேடிக்கை. பழந்தமிழில் தயங்குதல் என்றால் ஒளிர்தல், அசைதல். பழைய பாட்டு படித்துப் பழகியவர் "முடிதயங்கி" என்பதை முடி ஒளிவீச அமர்ந்திருப்பவர் என்றே எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

"தாயமறுப்பர்" என்று முன்மொழிந்த அம்மையாருக்குத் தனி நன்றி. பழந்தமிழில் தாயம் என்றால் வழிவழியாக வரும் உரிமை. ஆனால் தாயம் என்றதும் இன்றைக்குப் பகடை உருட்டும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும், அதனால் சொல் நிற்காது. ஆனால் அவர் சுட்டிய புறநானூற்று 75ஆம் பாட்டு இந்த விவாதத்தின் நடுவிலேயே வந்து உட்கார்கிறது. பாடியவன் சோழன் நலங்கிள்ளி, தானே அரசன். மூத்தவர்களைக் கூற்றுவன் கொண்டுபோக, முறைப்படி வந்து சேர்ந்த "பழவிறல் தாயம்" அது. அதைச் சிறியவன் பெற்றால் பெருஞ்சுமை, விழுமியவன் பெற்றால் வெயிலில் உலர்ந்த வெண்கிடை போல லேசானது என்கிறான். கிடை என்பது நெட்டி, நீரில் வளரும் கனமற்ற தண்டு. உலர்ந்தால் கையில் இருப்பதே தெரியாது.

இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டால் ஃபேண்டஸியின் வழக்கமான சூத்திரம் ஆட்டம் காண்கிறது. பதவி வேண்டாம் என்கிறவனே பதவிக்குத் தகுதியானவன் என்பதுதான் அந்தச் சூத்திரம். பிளாட்டோ சொன்னதுதானே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 'குடியரசு' நூலின் முதல் பகுதியில் அவர் சாக்ரடீஸ் வாயாகச் சொல்வது இன்னும் கூர்மையானது. நல்லவர்கள் பணத்துக்கோ புகழுக்கோ ஆள வரமாட்டார்கள். ஆள மறுத்தால் தங்களைவிடக் கீழானவரால் ஆளப்பட நேரும், அந்தத் தண்டனைக்கு அஞ்சித்தான் வருவார்கள். விருப்பமின்மையே தகுதி என்று அவர் சொல்லவில்லை. தகுதி உள்ளவரிடம் விருப்பம் இருக்காது என்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

நிறைய நாவல்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கின்றன. மூன்று பாகம் முழுக்க நாயகன் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அதுவே அவனுடைய நற்சான்றிதழ். களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் இருக்கிறது, எல்லைக் கோட்டைக்காரனுக்குச் சம்பளம் போய் எத்தனை மாதம் ஆகிறது, தோற்ற தரப்பின் நிலத்தை என்ன செய்வது, எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆசை இல்லாதவன் கெட்டுப்போக மாட்டான் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். ஆசை இல்லாதவன் கவனக்குறைவாகவும் இருப்பான் என்பதை யாரும் எழுதுவதில்லை. பேராசைக்காரனாவது நாடு கையை விட்டுப் போகக் கூடாது என்று விழித்திருப்பான்.

டோல்கீனின் அராகார்ன்தான் இதற்கு முன்மாதிரி என்று இழையில் பலரும் எடுத்துக்காட்டியிருந்தீர்கள். 1954-55இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் அவன் தன் உரிமையை மறுக்கிறவனே அல்ல. முறிந்த வாளைக் கூடவே வைத்துக்கொண்டு, பொழுது வரட்டும் என்று காத்திருக்கிறவன். தன் முன்னோரின் பலவீனம் தனக்கும் இருக்குமோ என்று அஞ்சி ஒதுங்குகிறவனாக அவனை ஆக்கியது 2001 முதல் வந்த திரைப்படங்கள். படத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். பரம்பரை உரிமை கேட்டு வருகிறவனை இன்றைய பார்வையாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டால் கை தட்டுவார். என்னைக் கேட்டால், வேண்டாம் என்கிற வாரிசு கதைகளில் இவ்வளவு பெருகியதற்குக் காரணமே இதுதான். முடியாட்சியை ரசிக்கவும் வேண்டும், ரசிப்பதில் கூச்சமும் இருக்கக் கூடாது.

அப்படியானால் ஒதுங்குகிறவர் ஆளவே கூடாதா? ஆளலாம். ஆனால் அவர் எதைச் சொல்லி ஒதுங்கினாரோ, அந்தக் காரணத்துக்குக் கதை பதில் சொல்லியாக வேண்டும். இதற்குப் பெரியபுராணத்தில் கழறிற்றறிவார் (சேரமான் பெருமாள் நாயனார்) கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சேரர் குடியில் பிறந்தும் அரண்மனை வேண்டாமென்று திருவஞ்சைக்களத்தில் கோயில் தொண்டு செய்துகொண்டிருக்கிறார். ஆண்டுகொண்டிருந்த செங்கோற்பொறையன் தவம் செய்யப் போய்விட, அமைச்சர்கள் இவரைத் தேடி வந்து முறைப்படி நீங்கள்தான் ஆள வேண்டும் என்கிறார்கள். இவர் மனத்தில் ஓடுவது, என் தொண்டுக்கு இடையூறாக ஒன்றைச் சொல்கிறார்களே என்பதுதான். உடனே மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. அன்பு நிலை வழுவாமல் அரசும் செய்ய அருள் உண்டா என்று கோயிலுக்குள் போய்க் கேட்கிறார். அருள் கிடைத்த பிறகே முடி.

அப்புறம் வருவதுதான் அழகு. முடிசூடி யானைமேல் உலா வருகிறபோது, எதிரே ஒரு வண்ணான் உவர்மண் பொதியைச் சுமந்து வருகிறார். மழையில் மண் கரைந்து வழிந்து உடம்பெல்லாம் வெளுத்திருக்கிறது. திருநீறு பூசிய அடியாராகவே அவர் கண்ணுக்குத் தெரிய, யானையை விட்டு இறங்கி வணங்கிவிடுகிறார். அந்த மனிதர் பதறிப்போய் "அடியேன் அடிவண்ணான்" என்கிறார். புதிய அரசர் சொல்லும் பதில் "அடியேன் அடிச்சேரன்". எந்தத் தொண்டு கெட்டுவிடும் என்று ஒதுங்கினாரோ, அது அன்றைக்கே தெருவில் வந்து அவரைச் சோதிக்கிறது. நம் ஃபேண்டஸிக்காரர்கள் முடிசூட்டு விழாவோடு கதையை முடித்துவிடுவதால் இப்படி ஒரு காட்சிக்கே வாய்ப்பில்லாமல் போகிறது.

> வேண்டாம் என்றவரை விட்டுவிட வேண்டியதுதானே? இழுத்து வந்து உட்கார வைப்பது வன்முறை.

நியாயமான பேச்சு. ஆனால் விட்டுவிட்டால் யாருக்கு என்ன ஆகிறது என்பதும் கதையில் இருக்க வேண்டும். மணிமேகலையில் புண்ணியராசன் பழம்பிறப்பை அறிந்தபின் நாட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் நிற்கிறான். அவன் ஏற்கெனவே அரசன், வாரிசு அல்ல என்பது சரி. அவனைத் திருப்பி அனுப்புகிறவள் துறவியான மணிமேகலை: உன் நாடு உன்னை "வாய் எடுத்து அழைக்கும்", கப்பல் ஏறு என்கிறாள். அதே மூச்சில்தான் உண்டியும் உடையும் உறையுளும் தருவதே அறம் என்ற புகழ்பெற்ற வரிகளும் வருகின்றன. துறவே பெரிது என்று சொல்லும் காப்பியம் ஆளப் போ என்று சொல்லும்போது அதற்கு எடை கூடுகிறது. மறுத்துப் போகிறவருக்கும் இதே அளவு எடை வேண்டும். அவர் போனதால் நேரும் கேட்டைக் காட்டாத கதை, அவருக்கு இலவசமாக நல்ல பெயர் வாங்கித் தருகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு: கோலஞ்சி.

கோல் + அஞ்சி. செங்கோலை ஏந்த அஞ்சுபவர். சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் சேர அரசன் செங்குட்டுவன் சொல்கிறான்: "கொடுங்கோ லஞ்சி, மன்பதை காக்கும் நன்குடிப் பிறத்தல் துன்ப மல்லது தொழுதக வில்". நம் கைக்கோல் கோணிவிடுமோ என்று அஞ்சிக்கொண்டே மக்களைக் காக்கும் குடியில் பிறப்பது துன்பமே தவிர, தொழத்தக்க சிறப்பு அதில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்கிறவனுக்கு அரியணை எப்படி உறுதியானது? நீ அரசாளும் குறி உடையவன் என்று சொன்னவனை உருத்து நோக்கி, அண்ணன் மனம் வருந்தக் கூடாது என்று தம்பி இளங்கோ துறவு கொண்டதால். வரந்தரு காதை அப்படித்தான் சொல்கிறது. ஏறியவன், ஒதுங்கியவன் இருவருக்குமே அச்சம் இருந்திருக்கிறது. ஆகவே இந்தச் சொல் முடிவை முன்கூட்டிச் சொல்லாது; கோலஞ்சி ஆளவும் செய்யலாம், போகவும் செய்யலாம்.

அஞ்சி என்றால் கோழை என்ற பொருள் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்று குறள் இருக்கிறது. அதியமான் பெயரே அஞ்சிதான். இகர ஈறு என்பதால் இளவரசன், இளவரசி இருவருக்கும் பொருந்தும். "கோலஞ்சி கதைகளில் இது வழக்கமான திருப்பம்", "கடைசிப் பாகத்தில் அந்தக் கோலஞ்சி அரியணை ஏறுகிறாள்" என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. அஞ்சியவர் கடைசியில் ஏற்றுக்கொள்ளும் கட்டத்துக்குக் கோலேற்பு என்று சொல்லலாம்.

ஒரு குறை இருக்கிறது. அச்சமே இல்லாமல், வேறு வேலையில் மனம் போனதால் ஒதுங்குகிறவரை இது முழுமையாகத் தொடாது. கழறிற்றறிவாரே ஓரளவு அந்த வகைதான். அவர்களுக்குத் தனிச்சொல் வேண்டுமா, அல்லது கோலஞ்சியிலேயே அடக்கிவிடலாமா? அகராதித் தொகுப்பில் சேர்ப்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இலக்கணம் அறிந்தவர்கள் கோலம் + அஞ்சி என்று யாராவது பிரித்துவிடும் ஆபத்தையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.