லெராய் கார் இசைத்தட்டுகள்: நல்ல பிரதி எது?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) கேட்பவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

பாடகரும் பியானோ கலைஞருமான லெராய் காரின் பதிவுகளைக் கால வரிசையில் கேட்க விரும்புகிறேன். அவர் பதிவு செய்த காலமே ஏழு ஆண்டுகள்தான். 1928 ஜூனில் இண்டியானாபொலிஸில் வோகாலியன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'ஹவ் லாங், ஹவ் லாங் ப்ளூஸ்' பாடினார். முதல் தட்டே பெரும் வெற்றி. 1935 பிப்ரவரியில் சிகாகோவில் புளூபேர்டு நிறுவனத்துக்காகக் கடைசிப் பதிவு, ஏப்ரலில் இறந்துவிட்டார். குடிதான் அவரை முடித்தது.

மைக்ரோபோன் வந்த பிறகு பாட வந்தவர் என்பதால் அவருக்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுகிறார். பியானோவும் அடக்கமாகவே ஒலிக்கிறது. அவருடன் வாசித்த ஸ்க்ராப்பர் பிளாக்வெல்லின் கிதார்தான் இடையிடையே கூர்மையாகப் பதில் சொல்கிறது. என்னைக் கேட்டால், பாதிப் புகழ் பிளாக்வெல்லுக்குச் சேர வேண்டியது!

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில்தான் சிக்கல். இரைச்சலை நீக்குகிறேன் என்று கிதாரின் கூர்மையையும் சேர்த்து மழுக்கியிருக்கிறார்கள். ஒரே பாட்டு இரண்டு பிரதிகளில் இரண்டு சுருதியில் ஒலிக்கிறது. தட்டைச் சுழற்றிய வேகம் மாறியிருக்க வேண்டும்.

இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, வேகம் சரியாக உள்ள குறுந்தகடுத் தொகுப்பு எது? பதிவுத் தேதிகளோடு வந்தது என்றால் இன்னும் நல்லது. வைத்திருப்பவர்கள் தொகுப்பின் பெயரையும் வெளியீட்டு நிறுவனத்தையும் சொல்லுங்கள்.